நாற்பது மைல் வேகம்

பார்சுவநாதன் தம் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைப் பிள்ளையார்பாளையத்தில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருந்த பட்டு நூல் பாவுக்குள் கொண்டுபோய்ச் செருகினார்.

"இன்னாபா, இத சோழவரம் ரேஸுன்னு நெனச்சுக்கினியா?" என்று கத்தினார் நெசவாளர் வீராசாமி.

அவரோடு உட்கார்ந்து அறுந்த இழைகளை மதியம்வரை முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிட்டு, நம் ரேஸ் வீரர் வீடு திரும்பினார்.

காரில் இரண்டே இருக்கைகள். கார் வாங்கிய இந்த எட்டு மாதமாக அவருக்குப் பக்கத்தில் காற்றைத் தவிர யாரும் உட்காரவில்லை. கூப்பிடும்போதெல்லாம் மனைவி கனகமாலா ஒரு சாக்கு வைத்திருப்பாள். சமண வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டும், தலை கலைந்துவிடும். வேகத்துக்குப் பயப்படுகிறாள் என்று அவரே முடிவுகட்டி, வாசலில் அவள் பார்க்கும்படி தினமும் காரில் ஊர்ந்து காட்டினார். சைக்கிள்காரர்கள் மணியடித்து முந்தினார்கள். இன்று காலையும் அவள் மறுக்கவே, ஆத்திரத்தில் ஆக்ஸிலேட்டரைக் கால் அழுத்திவிட்டது.

"வேகமா போனீங்களாமே, எவ்ளோ?" என்றாள் கனகமாலா.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நாப்பது மைல். சத்தியமா இனிமே மாட்டேன் கனகா."

அவள் விறுவிறுவென்று உள்ளே போனாள். போச்சுடா என்று அவர் நின்றார். தலையில் துணியை இறுக்கக் கட்டிக்கொண்டு வந்தவள், நேரே காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"பயமா இல்லியா?"

"பயமா? மெதுவா போறதுக்கு எங்கப்பா வீட்ல மாட்டுவண்டியே இருக்குது. எப்பதான் வேகமா ஓட்டுவீங்கன்னு எட்டு மாசமா காத்துக்கினு இருக்கேன். தெருவுல வேணாம், மாகறல் ரோட்டுக்கு உடுங்க!"