அசல் ஜரிகை

டில்லி போகும் விமானத்தில், துணை விமானி பழனி ஊர்ப்பாசத்தில் பட்டுக்கடை பூவராகவனை விமானிகள் அறைக்கே கூட்டிப்போய், மைக் வைத்த ஹெட்போனையும் மாட்டிவிட்டான்.

"உங்க கடைச் சேலையில அசல் ஜரிகைதானேண்ணே? தங்கச்சி கல்யாணத்துக்கு எடுக்கணும்."

கை சும்மா இருக்காமல் ஒரு குமிழைத் திருகியபடி பூவராகவன் சிரித்தார். "உனக்குன்னா அசல் தரேன்பா. மத்தவங்களுக்குப் போலிதான் குடுத்துக்கினு இருக்கேன். எவன் உரசிப் பாக்கறான்?"

"ஐயோ, பின்னால ஸ்பீக்கருக்குப் போற குமிழைத் திருப்பிட்டீங்களேண்ணே! எல்லாருக்கும் கேட்டிருக்கும்!"

பூவராகவன் சட்டென்று ஹெட்போனைக் கழற்றினார். போலி ஜரிகையைத் தடை செய்யச் சொல்லி மந்திரியிடம் மனுக் கொடுக்க, பூவராகவனோடு கிளம்பி வந்த காஞ்சிபுரத்துப் பட்டு வியாபாரிகள் அத்தனை பேரும் பின்னால்தான் இருந்தார்கள்.

தலை குனிந்தபடி இருக்கைக்கு வந்தார். பக்கத்தில் இருந்த சங்கத் தலைவர் துரைக்கண்ணு மெல்ல அவர் காதைக் கடித்தார்.

"போலி எங்கப்பா வாங்கறே? எனக்கு வர்றது ஆறே மாசத்துல கறுத்துப் போவுது."