பெயர் மறைத்த சார்ட்

“அசத்தலான ஏத்தம் இது! கையில இருக்கிறதை எல்லாம் போட்டுட்டு நிம்மதியாத் தூங்கலாம்” என்றார் லிஃப்ட் மெக்கானிக், மேசையில் விரித்திருந்த கட்டம் போட்ட தாளைத் தட்டி.

எதிரே அவர் மனைவி, நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றாமல் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். சார்ட்டைப் பார்த்தே பங்கு விலையைக் கணிக்கும் டெக்னிக்கல் அனாலிசிஸை ஆன்லைனில் படிக்க ஆரம்பித்ததிலிருந்து, வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் பங்குச் சந்தையில் இறங்குவேன் என்று மனிதர் ஒற்றைக் காலில் நிற்கிறார்.

கடைசியில் அவள் ஒரு பரீட்சை வைத்தாள். பெயரை மறைத்து அவளே வரைந்து வந்த இந்த சார்ட் அடுத்து ஏறுமா, இறங்குமா? காரணத்தோடு சொல்லி அவளை நம்பவைத்துவிட்டால் வேலையை விடலாம்.

“எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.”

அதற்குத்தானே காத்திருந்தார்! பென்சிலை எடுத்தார்.

“ஒரு கோடு, ஒரு நாள். கோட்டோட உச்சி, அன்னிக்குப் போன அதிகபட்சம். அடி, குறைஞ்சபட்சம். சரியா? இப்ப உச்சியை எல்லாம் பாரு. மொத்தத்துல மேல மேலதான் போகுது. அடியும் கூடவே ஏறுது. இதுக்குப் பேருதான் ஏறுமுகம்.”

“உச்சிக்கும் அடிக்கும் இவ்வளவு இடைவெளியா? ஒரே நாள்லயா?”

“ஆடுற பங்குலதான்டி காசு! இங்க பாரு, நூத்தி நாப்பதுல மூணு தடவை தலை முட்டித் திரும்பியிருக்கு. அது ரெசிஸ்டன்ஸ், அதாவது கூரை. அடுத்த தடவை கூரையைப் பிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. இனிமே அந்தக் கூரைதான் தரை. நம்ம லிஃப்ட் கணக்குதான், கீழ்மாடிக்குக் கூரைன்னா மேல்மாடிக்குத் தரை.”

“அப்ப கீழ வரவே வராதா?”

“தானா வராது. யாராவது பிடிச்சு இழுத்தாத்தான் உண்டு.”

“எது வரைக்கும் போகும்?”

“நூத்தி எண்பது. கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன்.”

அவள் முகம் வெளுத்தது. தன் திறமையைக் கண்டு வாயடைத்துவிட்டாள் என்று எண்ணிக்கொண்டார் மெக்கானிக்.

“என்ன, நான் பாஸா?”

“நூத்துக்கு நூறு. நீங்க சொன்னது அத்தனையும் நிஜம்.”

மனிதர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். போனைத் திறந்து, வாங்கும் பொத்தானுக்கு மேலே விரலைத் தயாராக வைத்துக்கொண்டார்.

“முதல் வேலையா இதைத்தான் வாங்கப் போறேன். எந்தக் கம்பெனி? சீக்கிரம் சொல்லு!”

“கம்பெனி எல்லாம் இல்லீங்க. தினம் காலையில நீங்க சந்தையைப் பார்த்துக்கிட்டே எங்கிட்ட கையை மட்டும் நீட்டுவீங்களே...”

போனை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

“இது உங்க பிரஷர்.”