முதல் குளியல்

“ஏங்க, எந்திரிங்க! நீங்க குளிக்காம இந்த வீட்டுல யாரும் குழாயத் தொட மாட்டோம்” என்றாள் சரிதா.

முனிராஜுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இந்த ஒரு வாரமாகத்தான் இத்தனை மரியாதை. கம்பெனி பஸ்ஸில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டான்.

ஞாயிறன்று அவனுக்கே இரக்கம் வந்தது. “இன்னிக்கு நீ மொதல்ல குளி.”

“ஐயோ, அதெல்லாம் கூடாது!” துண்டைக் கொடுத்து அவனை உள்ளே தள்ளினாள்.

வாசலில் நின்ற பக்கத்து வீட்டு ஃபிசா சிரித்தாள். “வீட்டுக்காரர் மேல அவ்ளோ பாசமாக்கா?”

“பாசமாவது! எங்க பழைய குழாய்ல ஈயம் கலக்குதாம். ராத்திரி பூரா அதுல நின்ன தண்ணியக் குடிக்கக் கூடாது, குளிக்கலாம்னு போன வாரம் தண்ணிய டெஸ்ட் பண்ண வந்தவங்க சொன்னாங்க. சும்மா திறந்து விட்டா வீணாப் போவுதே! அதான், இவர விட்டுக் காலி பண்றேன்.”

உள்ளே முனிராஜ் உற்சாகமாகப் பாட ஆரம்பித்தான்.

சரிதா குடத்தை எடுத்துக்கொண்டாள். “ரெண்டாவது பாட்டு பாடட்டும். பாப்பாவுக்குக் குடிக்க நல்ல தண்ணி வந்துடும்.”