கேமரா: யாருமில்லை

“என்னைத் தொடாதம்மா! படம் பிடிச்சு அப்பாகிட்டயே காட்டு!” திரையில் கத்தியவள் முழுப் போதையில் இருந்தாள். அவள் எதிரே இருந்த நாற்காலி காலி.

தள்ளாடி எழுந்து, அறையின் மறுகோடியில் இருந்த ஜன்னலுக்குப் போனாள். கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். கண்ணீர் மோவாயில் சொட்டுவதுகூடத் தெரிந்தது.

எடிட்டர் நிறுத்தினார். அதே பெண்தான் பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். குடியிலிருந்தும் மனநோயிலிருந்தும் மீண்ட கதையைத் தானே படமாக்குகிறாள். இந்தக் காட்சியைப் பார்க்க மட்டும் அவளுக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

“முடிஞ்சுது டைரக்டரம்மா, நிமிருங்க. பேய் பிசாசு ஒண்ணும் இல்ல.”

“பேயா இருந்தாக்கூடப் பரவாயில்லண்ணே. அம்மா தினமும் வந்து உக்கார்றதா நெனச்சேன். ‘என் பேச்சை மீறி அவ வாசப்படி தாண்டல’ன்னு டாக்டர்கிட்ட அப்பா அடிச்சுச் சொன்னாரு. எல்லாம் என் மூளை பண்ணின வேலை.”

அதை ஒப்புக்கொள்ளத்தான் படாத பாடு பட்டாள். ஒப்புக்கொண்ட பிறகுதான் தேறினாள். ‘அம்மா வரவே இல்லை’ என்ற அவள் குரலோடுதான் படமும் முடிகிறது.

“அம்மா இப்போ?”

“போன வருஷம் போய்ச் சேர்ந்துட்டாங்க. நான் போகல. சாகக் கிடந்த என்னை எட்டிப் பாக்காதவங்க முகத்துல நான் எதுக்கு முழிக்கணும்?”

வாய்தான் வீறாப்பாகப் பேசியது, கண் கலங்கிவிட்டது. எடிட்டர் அவசரமாகப் பேச்சை மாற்றினார்.

“சரி, பேரு போட்டு முடிச்சிடலாம். வீட்ல எடுத்ததுக்குக் கேமரா யாரு? கத்துக்குட்டிதான், கை நடுங்குது. ஆனா உங்களை ஒரு நிமிஷம் விடல பாருங்க.”

“யாருமில்லண்ணே. அலமாரி மேல ஆன் பண்ணி வச்சுடுவேன். தனியாத்தானே கிடந்தேன்.”

“அலமாரி மேல வச்சது ஜன்னல் வரைக்கும் உங்க பின்னாலயே எப்படி வரும்?”

அவள் முதன்முறையாகத் திரையை நிமிர்ந்து பார்த்தாள். எடிட்டர் காட்சியை மறுபடி ஓட்டினார்.

அலமாரி உயரத்திலிருந்து படம் இறங்கியது. தள்ளாடிப் போனவளின் பின்னாலேயே போனது. தொடாமல், ஒரு கை தூரத்தில் நின்று நடுங்கியது.

காட்சி முடிந்தது. பிறகு, காற்று மாதிரி அவள் குரல் வந்தது.

“கேமரா... அம்மான்னு போடுங்கண்ணே.”