நிலாவுக்குப் பட்டா

மொக்கையனை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது திருச்சுழி தாலுகா ஆபீஸுக்கு எதிரே, மனு எழுதும் ஜெயக்குமாரின் மேசைப் பக்கத்தில். மஞ்சள் பைக்குள் நிலாவில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு நின்றான்.

பரளச்சியில் எனக்கு மூன்று ஏக்கர் கரிசல்காடு உண்டு. பத்தொன்பது வருஷமாக அதை வாரத்துக்கு உழுதவன் அவன். விளைந்ததில் எனக்குப் பாதி, அவனுக்குப் பாதி. அருப்புக்கோட்டைக் கடையை விட்டு நான் நகர்வதில்லை. கொத்தமல்லி மூடை வீடு வந்து சேரும். அவன் அளக்கும்போது ஒரு தடவைகூட நான் போய் நின்றதில்லை. அதனாலேயே அவன்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு.

கரிசலில் கல் கிடையாது. கோழிமுட்டை அளவு கிடந்தாலே எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். மாசியில் அவன் கோடை உழவு ஓட்டும்போது தேங்காய் அளவு ஒரு கல் தட்டியிருக்கிறது. தீயில் வாட்டிய மாதிரி மேலெல்லாம் கறுப்பு.

மதுரையிலிருந்து ஒருவர் காரில் வந்து பார்த்தாராம். "இது நிலாவுல இருந்து தெறிச்சு விழுந்தது. பேப்பர் மட்டும் வாங்கிட்டு வாங்க, எட்டு லட்சம் தாரேன்" என்றாராம்.

இதெல்லாம் மூன்றாம் மனிதர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கல் என்னுடையது என்று ஆட்சேபணை மனு எழுதி வாங்கலாம் என்று பஸ் ஏறிப் போனால், எனக்கு முன்னால் அவன் நிற்கிறான்.

"பேப்பர்னா பட்டாதான?" என்று ஜெயக்குமாரிடம் கேட்டுக்கொண்டிருந்தான். கையில் மடித்த ஒரு மனு.

ஜெயக்குமார் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "ஆமாய்யா, பட்டாதான். சர்வே நம்பர் என்ன? நிலாவுல எந்தக் கிராமம்? நாலு எல்லையச் சொல்லு. கெழக்க யாரு காடு, சூரியனோடதா?"

டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சத்தம் கேட்டுத் திரும்பிய மொக்கையன் என்னைக் கண்டதும் சிரித்தான். "மொதலாளி! உங்களத் தேடிக் கடைக்கு ரெண்டு தடவ வந்தேன். இதுல ஒரு கையெழுத்து..."

"எங்காட்டுக் கல்ல நீ வித்துக்கிறதுக்கு நான் கையெழுத்துப் போடணுமாக்கும்?"

"அதில்ல மொதலாளி. படிச்சுப் பாருங்க. மக நாகஜோதி எழுதுனது."

"படிச்ச மக இருந்தா ஊரான் சொத்துக்குப் பட்டா கேப்பியா? பத்தொம்பது வருசமா இன்னும் என்னென்ன எடுத்தியோ, யாரு கண்டா?"

அவன் சிரிப்பு நின்றது.

"மூடைக்கு ஒரு படி கொறஞ்சிருக்கா மொதலாளி?"

"நாளையிலருந்து காட்டுப் பக்கம் வராத."

"எரு அடிச்சுப் போட்டிருக்கேனே..."

"வராதன்னா வராத."

மனுவை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான்.

ஜெயக்குமார் எனக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டார். "பாதி கேட்டா காலுதான் குடுப்பாக, அண்ணாச்சி. முழுசும் உங்களுதுன்னே எழுதிருவோமா?"

"பின்ன?" என்றேன்.

என் மனுவைப் பார்த்து ஒரு வாரத்தில் அதிகாரிகள் அவன் வீட்டுக்குப் போனார்கள். வானத்திலிருந்து விழுந்தது யாருக்கும் தனிச்சொத்து இல்லை, சர்க்காருக்குச் சேர வேண்டியது என்று சொல்லிக் கல்லை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அவனுக்கும் கிடைக்கவில்லை என்பதில் கொஞ்சம் குளிர்ந்தது.

காடு போனபின் விறகை எரித்துக் கரியாக்கும் கரிமூட்டத்துக்குக் கூலியாகப் போயிருக்கிறான். பங்குனி வெயிலில் கருவேலம் வெட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. எழவுக்கு நான் போகவில்லை. நம்மை ஏமாற்றப் பார்த்தவனுக்கு நாம் எதற்கு மாலை வாங்க வேண்டும்?

பதினாறு கழிந்து அவன் மனைவி முத்துத்தாய் என் வீட்டுக்கு வந்தாள். நான் ஒற்றை ஆளாக இருக்கும் வீடு. பணம் கேட்டுத்தான் வந்திருப்பாள் என்று வாசலிலேயே நிறுத்தினேன்.

"என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம் மொதலாளி. அவுக சட்டைப்பையில இது இருந்துச்சு. உங்க பேரு போட்டிருக்குன்னு மக சொன்னா. உங்க பேருள்ள காயிதம் எங்க வீட்டுல எதுக்கு?"

"உள்ள என்ன எழுதியிருக்கு?"

"எனக்கு எழுத்து தெரியாது. நீங்களே பாத்துக்கங்க. பஸ்ஸு போயிரும், வாரேன்."

கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். நின்ற இடத்திலேயே பிரித்துப் படித்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் குண்டுக் கையெழுத்து.

'பரளச்சி கிராமத்தில் உயர்திரு சங்கரபாண்டியன் அவர்கள் நிலத்தை நான் வாரத்துக்கு உழுதபோது கிடைத்த நிலாக்கல்லுக்கு, வழக்கம்போல நிலத்துக்காரருக்குப் பாதி, உழுதவனுக்குப் பாதி என்று எங்கள் இருவர் பேரிலும் கூட்டுப் பட்டா தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.'

முதல் பெயர் என்னுடையது. அவன் பெயர் அதற்குக் கீழே இருந்தது. அதன் பக்கத்தில் அவன் கைநாட்டு.

தாலுகா ஆபீஸில் அந்தக் கல்லைப் பற்றி இருப்பது ஒரே ஒரு மனு, நான் கொடுத்தது. அதில் அவன் பெயர் ஒரே ஓர் இடத்தில் வருகிறது: 'என் கல்லைத் திருடிய மொக்கையன்.'