மூன்றாவது அங்கம்

"மூணு சார்," என்றார் ஸ்டீபன்.

கிருஷ்ணஸ்வாமி மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இன்னொரு தடவை கேக்கறேன். நாடாளுமன்றத்தோட அங்கங்கள் எத்தனை?"

"மூணுதான் சார்."

விஷ்ராந்த்வாடித் தமிழ் நண்பர்கள் வட்டத்தின் அரசமைப்பு தின வினாடி வினா. கடைசிக் கேள்வி. இரு தரப்பும் சம மதிப்பெண். ஒரு பக்கம் வங்கி மேலாளர் ராம்பிரசாத். மறுபக்கம் கசார்வாடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஸ்டீபன். கேள்வி கேட்பவர், ஓய்வு பெற்ற தணிக்கை அதிகாரி கிருஷ்ணஸ்வாமி.

"மக்களவை ஒண்ணு. மாநிலங்களவை ரெண்டு. மூணாவது?"

"குடியரசுத் தலைவர் சார்."

"அப்படியா! அவருக்கு எந்தப் பக்கம் நாற்காலி போட்டிருக்காங்க? ஆளுங்கட்சிப் பக்கமா, எதிர்க்கட்சிப் பக்கமா?"

கூடம் சிரித்தது.

"போட்டிக்கு முன்னாடி அரை மணி நேரம் தொண்டை கிழியப் பேசினேனே, தம்பி! சட்டம் போடறவங்க ஒருத்தர், அதை நடத்தறவங்க ஒருத்தர், தீர்ப்பு சொல்றவங்க ஒருத்தர். மூணும் ஒரே கையில இருந்தா அதுக்குப் பேர் சர்வாதிகாரம். குடியரசுத் தலைவர் நிர்வாகத் துறை. அவரைக் கொண்டுபோய் நாடாளுமன்றத்துல உட்கார வெக்கிறீங்களே!"

"இல்ல சார், புத்தகத்துல..."

"ஆட்சேபணை இருந்தா மேல்முறையீடு பண்ணலாம்."

"யார்கிட்ட சார்?"

"என்கிட்டதான்."

மறுபடியும் சிரிப்பு. போட்டியின் விதிமுறையை எழுதியவர் அவர். நடத்துகிறவர் அவர். தீர்ப்பும் அவரே. சற்று முன் தொண்டை கிழியப் பேசியவரும் அவர்தான். இதை யாரும் கவனிக்கவில்லை, அவர் உட்பட.

ஸ்டீபன் பைக்குள் விட்ட கையை வெளியே எடுத்தார். "சரி சார். நீங்க சொன்னா சரி."

"லேத்துல அளவு தப்பினா இரும்பு வீணாப் போகும். இங்க மார்க்குதானே, போனாப் போறது!"

கோப்பை ராம்பிரசாத்துக்குப் போனது.

வீட்டுக்கு வந்ததும் பேத்தி தேஜஸ்வினி கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "தாத்தா, அந்த நாற்காலி ஜோக் ஏக்தம் மஸ்த்!" என்றாள் மராத்தி கலந்து. பிரமாதமாம்.

அந்த உற்சாகத்தில், குழுவின் வாட்ஸ்அப்பில் ஆதாரத்தோடு ஒரு குட்டிப் பாடம் போட்டுவிடலாம் என்று அரசமைப்புச் சட்டத்தைப் பிரித்தார். எழுபத்தொன்பதாவது பிரிவு. ஒரே வாக்கியம். குடியரசுத் தலைவரும் இரண்டு அவைகளும் சேர்ந்ததே நாடாளுமன்றம்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். அதற்குள் சட்டத்திருத்தம் எதுவும் வந்திருக்கவில்லை.

"என்ன, முகம் இப்படி வேர்த்துக் கொட்டறது?" என்றாள் மனைவி நீலா.

சொன்னார்.

"அப்போ குரூப்ல போட்டுடுங்கோ. தப்பு என்னோடதுன்னு."

"குரூப்லயா? நூத்தி நாப்பது பேர் இருக்கா, நீலா!"

"சிரிச்சதும் அவாதானே."

அவர் புத்தகத்தை மூடி வைத்தார்.

மறுநாள் காலை ஆட்டோ பிடித்துக் கசார்வாடிக்குப் போனார். வழியெல்லாம் ஒத்திகை. 'ஒரு விதத்துல பார்த்தா, நீங்க சொல்ல வந்ததுலயும் ஒரு நியாயம் இருக்கு' என்று ஆரம்பிப்பதாக முடிவு.

ஸ்டீபன் லேத்தை நிறுத்தினார். ஒரு ஸ்டூலைத் துணியால் துடைத்துப் போட்டார். "சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே சார்."

ஒத்திகை மறந்துபோனது. "நீங்க சொன்னதுதான் சரி, ஸ்டீபன். மூணு. நான்தான் தப்பு."

"தெரியும் சார்."

"தெரியுமா?"

"தினமும் பொண்ணுக்கு சிவிக்ஸ் சொல்லிக் கொடுக்கறேன் சார். அவ புத்தகத்தைப் படிச்சுத்தான் போட்டிக்கே வந்தேன். நேத்து பையிலதான் இருந்துச்சு."

கிருஷ்ணஸ்வாமி குரலைத் தாழ்த்தினார். "குரூப்ல... போடணுமா?"

"எதுக்கு சார், விடுங்க. கோப்பையை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்?"

அப்பாடா என்றிருந்தது. டீ வந்தது. நிம்மதியாக ஒரு வாய் குடித்தார். நிம்மதி வந்ததும் பழைய தணிக்கை புத்தி எட்டிப் பார்த்தது.

"இருந்தாலும் நீங்க பண்ணினது தப்பு. புத்தகத்தைப் பையில வெச்சுண்டு ஏன் வாயை மூடிண்டீங்க? எடுத்து நீட்டியிருக்கணும். சரின்னு தெரிஞ்சா விடக் கூடாது."

ஸ்டீபன் கையில் ஒட்டியிருந்த இரும்புத் தூளைத் தட்டினார்.

"எடுக்கத்தான் போனேன் சார். முன் வரிசையில உங்க பேத்தி உங்களைப் பார்த்துக் கை தட்டிட்டிருந்தா. புள்ளைங்க கண் முன்னாடி அவங்க வீட்டுப் பெரியவங்களைத் தலைகுனிய வெக்கிறது... மனசு வரலை."

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "அவ என் பேத்தின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போட்டி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே மேடையைக் காட்டி, 'அதோ எங்க தாத்தா'ன்னு என் பொண்ணுகிட்டப் பெருமையா சொல்லிட்டிருந்தா சார். இவளும் பதிலுக்கு, 'அதோ எங்க அப்பா'ன்னு காட்டினா. ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி."