பின்னால் ஓடிய கடிகாரம்

நான்காவது முறை கேட்டபோதுதான் லென்ஸுக்குச் சந்தேகம் வந்தது.

அவன் கடிகாரம் பழுது பார்ப்பவன். நாள் முழுக்க ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடி. தெரு முழுக்க அவனுக்கு அந்தப் பெயர்தான்.

சனிக்கிழமை மதியம் ஒரு மணி. கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே வழக்கமான மூன்று பேர். லென்ஸ், பக்கத்துக் கடை சலூன்காரன், மாடியில் பல் பிடுங்கும் டாக்டர். நடுவில் பெரிய ஸ்பீக்கர்.

ஸ்பீக்கரில் ஜாஸ் கிதார்.

பாட்டு கிடையாது. பக்கவாத்தியம் கிடையாது. ஆறரை நிமிடம், ஒரே ஒரு கிதார். வாசிப்பவரின் முகம் இல்லை, பேர் இல்லை, படத்தில் வெறும் வெள்ளைச் சுவர். நேற்று இணையத்தில் ஏறியது. இன்றைக்குள் நாலாயிரம் பேர் கீழே உருகி உருகி எழுதிவிட்டார்கள்.

"மூணாவது நிமிஷத்துல இறங்குறான் பாரு! மாடிப்படியில கோலிக்குண்டு மூட்டை அவிழ்ந்த மாதிரி!" என்றான் சலூன்காரன். "என் கத்திரியெல்லாம் இவன் விரல்கிட்ட பிச்சை வாங்கணும்."

"விரலே இல்லப்பா அது. கம்ப்யூட்டர்ல செஞ்சது." டாக்டர் யாரையும் லேசில் நம்பமாட்டார். வலிக்கவில்லை என்று சொல்லும் நோயாளியைக்கூட.

"கம்ப்யூட்டர் எதுக்கு டாக்டர் பின்னால ஒரு கடிகாரத்தை ஓட விடணும்?" என்றான் லென்ஸ்.

காலை ஒன்பது மணிக்கு, கடையைத் திறந்த கையோடு, ஃபோனில் கேட்டுவிட்டு அவனும் எழுதியிருந்தான். 'இந்த விரல்களுக்கு என் சொத்தையே எழுதி வைக்கலாம். ஆனால் பின்னால் ஒரு கடிகாரம் தொந்தரவு செய்கிறது. அடுத்த முறை அதை நிறுத்திவிட்டு வாசியுங்கள். இப்படிக்கு, லென்ஸ்.'

ஃபோனில் அது வெறும் டிக் டிக்.

பெரிய ஸ்பீக்கரில் அது நொண்டியது.

டிக்... டக்டிக்... டக்டிக்... சுவரில் கோணலாகத் தொங்கும் பெண்டுலக் கடிகாரம்தான் இப்படி நடக்கும். லென்ஸ் ஸ்பீக்கரில் காதை ஒட்டினான். கிதார் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. அதன் அடியில் கடிகாரம் கர்ரென்று தொண்டையைச் செருமிக்கொண்டு மணி அடிக்கத் தொடங்கியது.

பத்து அடித்தது. பதினொன்றாவதற்குச் சுத்தி எழும்பிய முனகல் கேட்டது. அடி விழவில்லை.

லென்ஸ் ஸ்பீக்கரிலிருந்து காதை எடுத்தான்.

அந்த முனகல் அவனுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்த கடிகாரம். பன்னிரண்டு வருடமாக, ஊர்க் கடிகாரங்களையெல்லாம் சரி பண்ணுகிறவன், 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று விட்டுவைத்த ஒரே கடிகாரம்.

அவன் வீட்டுக் கூடம்.

காலை பதினொரு மணிக்கு அவன் கடையில் இருப்பான். வீட்டில் மனைவி மட்டும்தான்.

எவன்?

போன வாரம் எதையோ மறந்துவிட்டு முற்பகலில் வீட்டுக்குப் போனது நினைவுக்கு வந்தது. கதவு திறக்க நாலு நிமிடம். "கண்ணசந்துட்டேன்" என்றாள். கண்ணில் தூக்கமே இல்லை. நெற்றியில் வியர்வை. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. அன்று மாலை முழுக்க அவள் தனக்குள் எதையோ முனகிக்கொண்டே வேலை செய்தாள். அன்று அவன் அதைக் கவனித்ததாகக்கூட நினைவில்லை. இப்போது ஒவ்வொன்றும் வரிசையில் வந்து நின்றது.

எழுந்தான்.

"என்னப்பா, அடுப்புல பால் வச்சுட்டு வந்துட்டியா?" சலூன்காரனின் கிண்டல் ஷட்டர் வரை துரத்தியது.

பத்து நிமிடத் தூரம். ஐந்து நிமிடத்தில் கடந்தான். வாசலில் செருப்புகளை எண்ணினான். அவளுடையது மட்டும். கெட்டிக்காரன், உள்ளே கொண்டுபோயிருப்பான். மணி அடிக்காமல் தன் சாவியால் பூட்டைத் திறந்தான். இன்னொரு கையில் ஸ்க்ரூடிரைவர் இருப்பதை அப்போதுதான் கவனித்தான்.

கூடத்தில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அவன் அவளைத் தாண்டி உள்ளே போனான். படுக்கையறை. குளியலறை. கதவுக்குப் பின்னால். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே, பூனைகூட நுழைய முடியாத சந்தில்.

"யாரைத் தேடுறீங்க?"

கூடத்துக்குத் திரும்பினான். பதில் சொல்ல வாயெடுத்தவனுக்கு என்னவோ குறைவது போலிருந்தது. வீடு அளவுக்கு மீறி அமைதியாக இருந்தது.

சுவரைப் பார்த்தான்.

கடிகாரம் நின்றிருந்தது. பதினொன்று பத்து. பெண்டுலத்தை ஒரு கைக்குட்டையால் இறுக்கிக் கட்டியிருந்தது.

"ஏன் நிறுத்தின?"

அவள் ஒரு சட்டையை நிதானமாக மடித்து முடித்தாள்.

"யாரோ லென்ஸாம். தொந்தரவா இருக்குன்னு எழுதியிருந்தார்."

சட்டையை நீவிய கைகளை அவன் முதல்முறையாகப் பார்த்தான். வலது கை நகங்கள் நீளமாக வளர்ந்திருந்தன. இடது கை நகங்கள் ஒட்ட வெட்டப்பட்டிருந்தன. விரல் நுனிகள் காய்த்துப்போய், தேய்ந்த நாணயம் போலப் பளபளத்தன.

"கிதாரை உங்கண்ணன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிட்டேன்னு சொன்னியே..."

"சொன்னேன்."

ஸ்க்ரூடிரைவரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கல்யாணமான மூன்றாம் நாள். இதே கூடம். அவனுடைய நண்பர்கள் நாலைந்து பேர். அவள் கூச்சத்தோடு கிதாரை எடுத்து, மூன்று நிமிடம் வாசித்தாள். கைதட்டலாமா வேண்டாமா என்று எல்லாரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். சங்கீதம் தெரிந்தவன் அவன்தானே.

அவன் சிரித்துக்கொண்டே சுவரைக் காட்டினான்.

"அந்தக் கடிகாரச் சத்தமே இதைவிட நல்லாயிருக்கு."